வயலுக்கு நடுவே கல்லறைத் தோட்டம் எப்படி வந்தது? லிங்கன் வீட்டுக் கதையை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் இண்டியானா, இல்லினாய் பக்கம் காரில் போகும்போது சோள வயலுக்கு நடுவே நாலு மரம், ஒரு இரும்பு வேலி, உள்ளே இருபது முப்பது சாய்ந்த கற்கள் என்று திடீரென ஒரு கல்லறைத் தோட்டம் தெரிகிறது. பக்கத்தில் ஊரும் இல்லை, சர்ச்சும் இல்லை. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார், எதற்கு?

ஒரே வரியில் சொல்வதென்றால், பெரும்பாலான இடங்களில் யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. காட்டை வெட்டிக் குடியேறிய முதல் குடும்பத்தில் முதல் சாவு விழுந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்காத ஒரு மேட்டில் குழி தோண்டினார்கள். அடுத்த சாவு பக்கத்து வீட்டில் விழுந்தபோது அவர்களுக்கும் அந்த மேடுதான் ஞாபகம் வந்தது. மூன்று நான்கு குழிகள் ஆனதும் அது தானாகவே ‘இடம்’ ஆகிவிட்டது. பத்திரம், வேலி, பெயர்ப்பலகை எல்லாம் இருபது, ஐம்பது, சில இடங்களில் நூறு வருஷம் கழித்து வந்தவை.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜனாதிபதி என்பதற்காக இல்லை. அவர் பிறந்த குடும்பம் அசல் முன்னோடிக் குடியேறிக் குடும்பம்: வர்ஜீனியா, கென்டக்கி, இண்டியானா, இல்லினாய் என்று மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். கென்டக்கியிலிருந்து தொடங்கி, போகிற இடத்திலெல்லாம் ஒருவரைப் புதைத்துவிட்டுப் போனவர்கள். பையன் பிற்பாடு பிரபலமானதால் மற்ற குடும்பங்களுக்குக் கிடைக்காத அளவுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத்தும் பேச்சும் சேர்ந்து கிடக்கிறது. மற்றவர்களுக்கும் நடந்தது ஏறக்குறைய இதேதான், எழுதி வைக்க ஆள் இல்லை.

முதலில் தாத்தா. அவர் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான், படையில் கேப்டனாக இருந்தவர். 1780களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தார். 1786-ல் லூயிவில் நகருக்குக் கிழக்கே லாங் ரன் என்ற ஓடையருகே தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகள் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மூன்று பையன்களும் அப்போது வயலில்தான் இருந்தார்கள். மூத்தவன் மோர்டெகாய் வீட்டுக்குள் ஓடி, துப்பாக்கியை எடுத்துச் சுட்டதால்தான் அப்பாவின் உடல் பக்கத்தில் நின்றிருந்த எட்டு வயதுத் தாமஸ் பிழைத்தான் என்பது அந்த வீட்டில் காலம் காலமாகச் சொன்ன கதை. அந்தத் தாமஸ்தான் ஜனாதிபதியின் அப்பா. தாத்தாவை வீட்டருகிலேயே புதைத்ததாகவும், பின்னாளில் அந்த இடத்தில்தான் லாங் ரன் பாப்டிஸ்ட் சர்ச் வந்ததாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். கல் எதுவும் கிடையாது. எல்லைப்புறக் கல்லறையின் முதல் வடிவம் இதுதான்: ஒரு குழி, ஒரு குடும்பத்தின் ஞாபகம், வேறொன்றும் இல்லை.

அப்பாவின் சொத்து முழுக்க மூத்த பையனுக்கே போய்ச் சேர்ந்தது, அன்றைய சட்டம் அப்படி. தாமஸ் கையில் ஒன்றும் இல்லாமல் வளர்ந்து தச்சு வேலை கற்றுக்கொண்டார். 1806-ல் நான்சி ஹேங்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1807-ல் சாரா, 1809-ல் ஆபிரகாம், அப்புறம் தாமஸ் என்றே பெயர் வைத்த ஒரு ஆண் குழந்தை. அந்தக் கைக்குழந்தை கென்டக்கியில் நாப் கிரீக் என்ற இடத்தில் இருந்தபோதே இறந்துபோனது. பண்ணைக்குப் பக்கத்து மேட்டில் வேறொரு குடும்பத்தின் புதைநிலத்தில் புதைத்தார்கள். வெகுகாலம் கழித்து அங்கே டி.எல். என்று இரண்டே எழுத்து செதுக்கிய ஒரு சின்னக் கல் கிடைத்தது, அது அந்தக் குழந்தையின் கல் என்கிறார்கள். இந்த மாதிரிக் கல்லுக்குச் சந்தையில் விலை கிடையாது. வயலில் கலப்பை தட்டி எடுத்த கல்லை நட்டு வைப்பார்கள், எழுத்துத் தெரிந்தவர் யாராவது இருந்தால் இரண்டு எழுத்து. இப்போது நீங்கள் பார்க்கும் வயல்நடுத் தோட்டங்களில் பளிங்குக் கற்களுக்குப் பின்னால் புல்லுக்குள் தலை மட்டும் காட்டும் மொட்டைக் கற்கள் இருக்கும். பலர் அதைச் சும்மா கிடக்கும் கல் என்று நினைத்துப் புல் வெட்டும்போது பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அங்கே இருப்பதிலேயே பழையவை பெரும்பாலும் அவைதான்.

கென்டக்கியை விட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு லிங்கனே பின்னாளில் இரண்டு காரணம் எழுதியிருக்கிறார். ஓரளவு அடிமைமுறை, முக்கியமாக நிலப்பத்திரச் சிக்கல். கென்டக்கியில் நிலத்தை அளந்தது ‘அந்த ஓக் மரத்திலிருந்து இந்த ஓடை வரை’ என்ற கணக்கில். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. தாமஸ் வாங்கிய பண்ணை ஒவ்வொன்றிலும் வில்லங்கம். ஓஹியோ நதிக்கு வடக்கே இண்டியானாவில் அரசாங்கமே சதுரம் சதுரமாக அளந்து, ஏக்கர் 2 டாலர் என்று விற்றது. 1787-ன் சட்டப்படி அந்தப் பகுதியில் அடிமைமுறையும் கிடையாது. அந்த நிலமும் சும்மா கிடந்த நிலமில்லை. டெலவேர், பியான்கிஷா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1804-ல் வின்சென்ஸ் ஒப்பந்தங்கள் மூலம் வாங்கப்பட்டது. ‘முதல் குடியேறி’ என்று கற்களில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்களுக்கு முன்பும் அந்த மேடுகளில் மனிதர்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள்.

1816 டிசம்பர், இண்டியானா மாநிலம் ஆன அதே மாதம், தாமஸும் நான்சியும் இரண்டு பிள்ளைகளும் நதியைக் கடந்து சுமார் 16 மைல் உள்ளே, லிட்டில் பிஜன் கிரீக் ஓடைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பாதையே இல்லாத இடங்களில் மரத்தை வெட்டிக்கொண்டே வந்தார்கள். முதலில் மூன்று பக்கம் மட்டும் அடைத்து, நாலாவது பக்கம் திறந்து, அங்கே இரவும் பகலும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும் ஒரு கொட்டகை. அப்புறம் மரக்கட்டை வீடு. அடுத்த வருஷம் நான்சியின் சித்தி எலிசபெத்தும் அவர் கணவர் தாமஸ் ஸ்பேரோவும், அவர்கள் வளர்த்த டென்னிஸ் ஹேங்ஸ் என்ற 18 வயதுப் பையனோடு வந்து அந்தப் பழைய கொட்டகையில் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தில் புரூனர், கிரிக்ஸ்பி, ஜென்ட்ரி என்று சில குடும்பங்கள். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, சர்ச் இல்லை, அவசரத்துக்கு டாக்டர் வேண்டுமென்றால் முப்பது மைலுக்கு மேல் போக வேண்டும். புதைநிலமும் இல்லை, அதற்குத் தேவை வரும் என்று யார் யோசிப்பார்கள்?

1818 செப்டம்பரில் தேவை வந்தது.

அந்தப் பகுதியில் ‘பால் நோய்’ என்று ஒன்று இருந்தது. மாட்டுக்கு முதலில் உடம்பு நடுங்கும், கன்றுகள் விழும், அப்புறம் பாலையும் வெண்ணெயையும் சாப்பிட்ட மனிதர்கள் விழுவார்கள். வாந்தி, வயிற்று வலி, கை கால் ஓய்ந்துபோதல், மூச்சில் ஒரு விசித்திரமான வாடை, கடைசியில் நினைவிழப்பு. பால்தான் காரணம் என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது, ஆனால் பாலில் என்ன என்பது தெரியவில்லை. நிழலான காட்டு ஓரங்களில் வளரும் ஸ்நேக்ரூட் என்ற வெள்ளைப் பூச்செடி அது. கோடைக் கடைசியில் புல் காய்ந்துபோனதும் மாடுகள் காட்டுக்குள் போய் அதை மேயும், விஷம் பாலில் இறங்கும். தென்கிழக்கு இல்லினாயில் அன்னா பிக்ஸ்பி என்ற மருத்துவப் பெண்மணிக்கு ஷானி என்ற பூர்வகுடி இனத்துப் பாட்டி ஒருவர் அந்தச் செடியைக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள், அதுவே 1830கள் வாக்கில். விஞ்ஞானிகள் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது 1920களில். அதாவது நூறு வருஷம் தாமதம். மாட்டைக் காட்டில் மேய விட்டு வாழ்ந்த குடும்பங்களைத்தான் அது அடித்தது. காடு அழிந்து வேலி போட்ட மேய்ச்சல் நிலம் வந்ததும் நோயும் போய்விட்டது. அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்துக் கற்களில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சாவுகள் கொத்தாக இருந்தால் மலேரியாவோடு இதையும் சந்தேகப்படலாம்.

ஸ்பேரோ தம்பதி முதலில் படுத்தார்கள். செப்டம்பர் 21 அன்று தாமஸ் ஸ்பேரோ உயில் எழுதினார். சாட்சியாக நான்சி லிங்கன், கையெழுத்துக்குப் பதில் தன் குறியைப் போட்டிருக்கிறார். சில நாட்களில் கணவன், மனைவி இருவரும் போய்விட்டார்கள். வீட்டுக்குத் தெற்கே சுமார் கால் மைல் தூரத்தில் ஒரு மேட்டில், மரங்களுக்கு நடுவே குழி தோண்டினார்கள். பக்கத்து வீட்டு பீட்டர் புரூனரின் மனைவியும் அதே நோயில் படுத்தார். இவர்களையெல்லாம் போய்ப் பார்த்துப் பணிவிடை செய்த நான்சிக்கும் வந்தது. ஏழு நாள் இழுத்து, அக்டோபர் 5 அன்று இறந்தார். வயது 34.

சவப்பெட்டி செய்தது கணவரே. தச்சர் ஆயிற்றே, அந்த வட்டாரத்தில் யார் இறந்தாலும் பெட்டிக்கு அவரிடம்தான் வந்திருப்பார்கள். மரத்தை ரம்பத்தால் பலகையாக அறுத்து, இரும்பு ஆணி அரிது என்பதால் மர முளைகளை அடித்துச் சேர்த்தார். அந்த முளைகளைக் கத்தியால் சீவிக் கொடுத்தது ஒன்பது வயது ஆபிரகாம் என்று சொல்வார்கள். எனக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்பது வயதுப் பையன் வேறு என்ன செய்திருப்பான்? பெட்டியைச் சறுக்குக் கட்டையில் வைத்து இழுத்துக்கொண்டு போய் ஸ்பேரோக்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். போதகர் யாரும் இல்லை. கென்டக்கியில் அவர்களுக்குத் தெரிந்த டேவிட் எல்கின் என்ற போதகர் சில மாதம் கழித்து வந்தபோதுதான் பிரசங்கம் நடந்தது என்பது வழக்கு. இதுவும் அந்தக் காலத்தில் சகஜம்: அடக்கம் இன்றைக்கு, அடக்கப் பிரசங்கம் ஊர்சுற்றும் போதகர் எப்போது வருகிறாரோ அப்போது.

புரூனரின் பையன் வயதான காலத்தில் சொன்ன ஒரு ஞாபகம் இருக்கிறது. நான்சியை அடக்கம் செய்த பிறகு அவனுடைய அப்பாவும் தாமஸ் லிங்கனும் கை குலுக்கிக்கொண்டார்களாம், இனி நாம் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டார்களாம். அப்படியென்றால் என்ன என்று பையனுக்கு அப்போது புரியவில்லை. இருவரும் சில நாள் இடைவெளியில் மனைவியை அதே மேட்டில் புதைத்தவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். ஒரு குடும்பத்தின் குழி ஒரு வட்டாரத்தின் புதைநிலம் ஆனது அந்தக் கைகுலுக்கலில்தான் என்று நான் சொல்வேன். சட்டப்படி ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அதன் பிறகு அந்த மேட்டுக்கு மற்றவர்களும் வந்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தை முன்னோடிகளின் கல்லறைத் தோட்டம் என்றே அழைக்கிறார்கள். உள்ளே இருக்கும் குழிகளில் பாதிக்கும் மேல் யாருடையவை என்று சொல்லக் கல் கிடையாது.

இடம் தேர்ந்தெடுத்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியில் ‘ஏன் வயல் நடுவே’ என்று இருக்கிறது. வயல் நடுவே யாரும் புதைக்கவில்லை, காட்டு மேட்டில் புதைத்தார்கள், காடு போய் வயல் வந்து சூழ்ந்துகொண்டது. மேடு ஏன் என்றால் குழிக்குள் நீர் ஊறக் கூடாது, கிணற்றுக்கும் ஓடைக்கும் மேலே வராமல் தள்ளி இருக்க வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், நல்ல உழவு நிலமும் வீணாகக் கூடாது. தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைப்பார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் முகம் சூரியன் உதிக்கும் திசையில் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. அதனால் கல்லே இல்லாவிட்டாலும் கிழமேற்காக நீண்ட பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால் அது கல்லறைதான். மரப்பெட்டி மக்கி, மேல் மண் உள்ளே இறங்குவதால் வரும் பள்ளம் அது. ஓரத்தில் சிடார் மரம், தரையில் வின்கா என்ற நீலப்பூக் கொடி படர்ந்து கிடந்தால் இன்னும் நிச்சயம். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிறதென்று குழியின் மேல் நட்டு வைப்பார்கள். நம்மூர் நித்தியகல்யாணிக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. நித்தியகல்யாணிக்கு நம்மிடம் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் இருப்பதை நினைத்தால், கடல் கடந்தும் அந்தக் குடும்பத்துப் பூக்களுக்கு ஒரே வேலைதான் போலிருக்கிறது.

சரி, லிங்கன் வீட்டுக்கு வருவோம். ஒரு வருஷம் போல அந்த வீடு பெண் துணை இல்லாமல் தத்தளித்தது. 1819 டிசம்பரில் தாமஸ் கென்டக்கிக்குப் போய், மூன்று பிள்ளைகளோடு இருந்த சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். 1820களின் தொடக்கத்தில் வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து லிட்டில் பிஜன் பாப்டிஸ்ட் சர்ச்சைக் கட்டினார்கள், தச்சு வேலையில் தாமஸுக்கும் பங்கு. சர்ச் வந்ததும் அதன் முற்றத்தில் புதிய புதைநிலம் வந்தது. லிங்கனின் அக்கா சாரா 1826-ல் ஆரன் கிரிக்ஸ்பியைக் கல்யாணம் செய்து, 1828 ஜனவரியில் பிரசவத்தில் இறந்தபோது வயது 20. அம்மா இருந்த மேட்டுக்கு அவரைக் கொண்டுபோகவில்லை, சர்ச் முற்றத்தில், பிறந்து இறந்த குழந்தையோடு புதைத்தார்கள். உதவிக்கு ஆள் அழைக்க கிரிக்ஸ்பி வீட்டார் தாமதித்தார்கள் என்று தம்பிக்கு வெகுகாலம் மனத்தாங்கல்.

கவனித்தீர்களா, பத்தே வருஷத்தில் அம்மாவுக்குக் காட்டு மேடு, மகளுக்குச் சர்ச் முற்றம். குடியேற்றம் வேர் பிடித்ததும் இப்படித்தான் நடக்கும். சர்ச்சும் பள்ளியும் ஒரு இடத்தில் வந்ததும் பழைய மேட்டுக்குப் போகிறவர்கள் குறைவார்கள். பழைய மேடு அதை ஆரம்பித்த குடும்பத்தை மட்டும் நம்பி நிற்கும். அந்தக் குடும்பமும் கிளம்பிவிட்டால்?

கிளம்பினார்கள். 1830 மார்ச்சில், பால் நோய் திரும்ப வருகிறது என்ற பயமும் இல்லினாயில் நல்ல மண் என்ற சேதியும் சேர்ந்து, நிலத்தை விற்றுவிட்டு மாட்டு வண்டிகளில் போய்விட்டார்கள். நான்சியின் குழிக்குக் கல் வைக்காமலேயே. இதைச் சொல்லித் தாமஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. செதுக்கிய கல் என்பது ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். பன்றிக்கறியையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்த வட்டாரத்தில் ரொக்கம் நிலத்தவணைக்கே போதவில்லை. தாமஸ் வாங்கத் தொடங்கிய நிலத்தில் ஒரு பகுதியை, பணம் கட்ட முடியாமல், அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்தவர்.

ஆபிரகாம் 1844-ல் தேர்தல் பிரசாரத்துக்காக அந்தப் பக்கம் ஒருமுறை வந்தார். அந்தப் பயணம் அவரை ஒரு கவிதையே எழுத வைத்தது, ஆனால் கல் வைக்க வைக்கவில்லை. அவர் ஜனாதிபதியாகி, கொல்லப்பட்டு, வருஷங்கள் கழிந்த பிறகும் அந்த மேடு முட்புதராகத்தான் கிடந்தது. 1879-ல் சவுத் பெண்ட் ஊரைச் சேர்ந்த பீட்டர் ஸ்டூட்பேக்கர், வண்டி தயாரித்த அந்தப் பிரபலக் குடும்பத்து ஆள், அம்மாவின் கல்லறை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டு 50 டாலர் அனுப்பினார். பக்கத்து ராக்போர்ட் ஊர்க்காரர்கள் இரும்பு வேலிக்கு வசூல் செய்தார்கள். எந்தக் குழி நான்சியுடையது என்று காட்டியது ஊர்க் கிழவர்களின் ஞாபகம்தான், அறுபது வருஷத்துப் பழைய ஞாபகம். கல்லில் வயது 35 என்று பொறித்துவிட்டார்கள். 34 என்பதுதான் கணக்கு. கல்லில் இருப்பதால் மட்டும் ஒரு தகவல் சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வரிசையாக நடந்தது. கல்லறையைச் சுற்றி 16 ஏக்கர் பொதுச் சொத்தானது, மாநில அரசு எடுத்துக்கொண்டது, 1930களில் பழைய வீட்டின் அடுப்புக் கற்களைத் தோண்டியெடுத்து வெண்கலத்தில் நினைவுச்சின்னம் வார்த்தார்கள், 1962-ல் கென்னடி கையெழுத்துப் போட்டு அந்த இடம் முழுவதும் லிங்கன் இளம்பருவ தேசிய நினைவிடம் ஆனது. புரூனரின் மனைவிக்கும், பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் இதனால் கிடைத்த லாபம், அவர்கள் மேட்டில் இனி யாரும் கலப்பை ஓட்ட மாட்டார்கள்.

அப்பா தாமஸின் கதை கேள்விக்கு இன்னொரு விதத்தில் பதில். அவர் 1851 ஜனவரியில் இல்லினாயின் கோல்ஸ் மாவட்டத்தில் இறந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. மனைவி உடம்பு சரியில்லை என்று எழுதி, மகன் கடைசியாகப் பார்க்கவும் போகவில்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பையனுக்கு மட்டும் தாமஸ் என்று பெயர் வைத்தார். அப்பாவைப் புதைத்த இடம் கார்டன் என்ற குடும்பத்தின் புதைநிலமாக இருந்தது, பின்னால் ஷைலோ சர்ச்சின் பெயரை ஏற்றது, இப்போது தாமஸ் லிங்கன் கல்லறைத் தோட்டம் என்கிறார்கள். ஒரே நிலம், மூன்று பெயர்: வைத்த குடும்பம், பிறகு வந்த சர்ச், கடைசியில் உள்ளே இருப்பவர்களில் பிரபலமானவர். நீங்கள் எந்தக் கிராமத்துக் கல்லறையைத் தேடினாலும் பழைய வரைபடத்தில் வேறு பெயரில்தான் இருக்கும் என்பதற்கு இதுதான் காரணம். வாஷிங்டனுக்குக் கிளம்பும் முன் 1861 ஜனவரியில் லிங்கன் மாற்றாந்தாயைப் பார்க்க அங்கே வந்து, அப்பாவின் குழியையும் பார்த்துவிட்டுப் போனார். அங்கே ஒழுங்கான கல் வந்தது 1880-ல். வந்த கல்லையும் நினைவுக்கு என்று துண்டு துண்டாக உடைத்துக்கொண்டு போனார்கள், அதனால் 1924-ல் இன்னொன்று வைக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக ஆபிரகாம். அவர் படுத்திருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டின் ஓக் ரிட்ஜ் முற்றிலும் வேறு ஜாதி. இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘ரூரல் செமிட்ரி’ என்று அமெரிக்கர்கள் எழுதினால் அது கிராமத்துக் கல்லறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1831-ல் பாஸ்டன் பக்கத்தில் மவுண்ட் ஆபர்ன் என்று, நகரத்துச் சர்ச் முற்றங்கள் நிரம்பி வழிந்ததால், நகருக்கு வெளியே மரமும் குளமும் வளைந்த பாதையுமாகப் பூங்கா மாதிரி ஒன்றைத் திட்டமிட்டு அமைத்தார்கள். மனை பிரித்து விற்றார்கள், ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் உலாவ வந்தார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர், ஓக் ரிட்ஜ் அதன் வாரிசு, 1860-ல் திறந்து வைத்தார்கள். நகரத்து மையத்தில் நினைவிடம் கட்ட ஊர்ப் பெரியவர்கள் இடமே வாங்கி வைத்திருந்தும், மேரி லிங்கன் பிடிவாதமாக ஓக் ரிட்ஜ்தான் என்றார். 1876-ல் அந்த உடலைத் திருடிப் பணம் கேட்க ஒரு கும்பல் முயன்றதும், 1901-ல் பெட்டியைக் கான்கிரீட்டுக்குள் இறக்கியதும் தனிக் கதை.

மனை விற்கும் அந்த வியாபாரப் பக்கத்துக்கும் ஒரு உதாரணம். லிங்கன் இளைஞனாக இருந்த நியூ சேலம் ஊரை நிறுவியவர்களில் ஒருவரான ரட்லெஜின் மகள் ஆன், 1835-ல் இறந்து ஓல்ட் கான்கார்ட் என்ற கிராமத்துப் புதைநிலத்தில் இருந்தார். லிங்கனின் காதலி என்ற பேச்சு பரவியதும், 1890-ல் பீட்டர்ஸ்பர்க் ஊரில் புதிதாகத் தொடங்கிய ஓக்லண்ட் கல்லறைத் தோட்டத்தில் பங்கு வைத்திருந்த ஒரு சவப்பெட்டிக்காரர், மனை விற்பனைக்கு உதவும் என்று அந்த எச்சங்களைத் தோண்டி எடுத்து இடம் மாற்றினார். அதனால் பழைய புதைநிலத்தில் கல் இருக்கிறது, புதியதிலும் இருக்கிறது, எதில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னும் சண்டை.

சர்ச்சும் குடும்பமும் போய்விட்ட பிறகு இந்தத் தோட்டங்கள் எப்படித் தப்பின என்று கேட்டால், பெரும்பாலும் பத்திரத்தில் எழுதிய ஒரு வரியால். நிலத்தை விற்கும்போது ‘புதைநிலம் அரை ஏக்கர் நீங்கலாக’ என்று எழுதி, போய்வரப் பாதை உரிமையும் வைத்துக்கொள்வார்கள். எழுதாமல் விட்ட இடங்களில் அடுத்த ஆள் கல்லைப் பிடுங்கிக் கொட்டகைக்கு அடித்தளம் போட்ட கதைகள் நிறைய. இண்டியானாவில் 1939 பிப்ரவரி 28-க்கு முன் ஏற்பட்ட, வேறு பராமரிப்பாளர் இல்லாத கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது டவுன்ஷிப் டிரஸ்டி என்ற உள்ளூர் அதிகாரியின் சட்டப்படியான கடமை. புல் வெட்டவும் கல்லை நிமிர்த்தவும் அவரிடம்தான் கேட்க வேண்டும். இல்லினாயில் இன்னொரு வேடிக்கை: கல்லறைகளுக்குள் கலப்பை போகாததால், மாநிலம் முழுக்க ஏறக்குறைய அழிந்துபோன பழைய பிரெய்ரிப் புல்வெளி சில முன்னோடிக் கல்லறைகளில் அப்படியே தப்பியிருக்கிறது. பாக்ஸ்டன் ஊரின் பிராஸ்பெக்ட் கல்லறையில் தாவரவியல்காரர்கள் செடியைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு இடத்தில் காரை நிறுத்தினால், பெரிய பளிங்குக் கல்லை விட்டுவிட்டு மேட்டின் உச்சிக்குப் போங்கள். அங்கேதான் ஆகப் பழைய தேதி இருக்கும், பெரும்பாலும் ஒரு குழந்தையுடையது அல்லது இளம் மனைவியுடையது. அந்தக் குடும்பப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு, வந்த சாலையின் பெயரையும் ஓடையின் பெயரையும் பாருங்கள். பாதி நேரம் ஒத்துப்போகும். அந்தப் பெயரில் கற்கள் எந்த வருஷத்தோடு நின்றுபோகின்றன என்றும் பாருங்கள், அவர்கள் மேற்கே வண்டி கட்டிய வருஷம் ஏறக்குறைய அதுதான்.